டிஸ்டோபியத் திகில் நாவலுக்கு உள்ளடக்க எச்சரிக்கை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் புனைகதை நாவலுக்குப் பிரதி செம்மையாக்கம் செய்துகொடுத்தேன். மனிதர்களை வேட்டையாடும் பறக்கும் இயந்திரங்கள் ஆளும் எதிர்காலம். ஓர் அத்தியாயத்தில் பதுங்குகுழிக்குள் ஒளிந்திருக்கும் தாய், அழும் கைக்குழந்தையின் வாயைப் பொத்துகிறாள். இயந்திரங்கள் போன பிறகு கையை எடுக்கிறாள், குழந்தை மூச்சுவிடவில்லை. எழுத்தாளரும் நானும் அந்தக் காட்சியின் சொற்சிக்கனத்தைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். அதை யார் வாசிப்பார்கள் என்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. நூல் வெளிவந்த பின், வன்னியிலிருந்து போரின் கடைசி மாதங்களில் தப்பி வந்த ஒரு வாசகி கடிதம் எழுதினார். நூலைக் குறை சொல்லவில்லை. அந்தக் காட்சியை நீக்கச் சொல்லவும் இல்லை. முன்பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால், வீட்டில் யாரும் இல்லாத இரவில் அதை வாசிக்கத் தொடங்கியிருக்க மாட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியை, அதாவது நூலில் வரும் கடுமையான காட்சிகளை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லும் உள்ளடக்க எச்சரிக்கையை, எப்படி எழுதுவது என்பதற்கே இந்த வழிகாட்டி. நாவலாசிரியர்கள், பதிப்பாசிரியர்கள், தாங்களே மின்னூல் வெளியிடுவோர், தொடர்கதை எழுதுவோர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நாவலைத் தொடக்கம் முதல் கடைசி வரை பயன்படுத்தப்போகிறேன்: ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட ‘1984’. அறிவியல் புனைகதையாகவும் டிஸ்டோபியாவாகவும் (கொடுங்கனவாக மாறிப்போன சமூகத்தைக் கற்பனை செய்யும் கதை) உலகம் ஏற்றுக்கொண்ட நூல். அதன் மூன்றாம் பாகம் தூய திகில். பலருக்கும் கதை தெரியும் என்பதால் முடிச்சுகளை அவிழ்த்துப் பேசலாம். அதை இன்னும் வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, வாசித்துவிட்டு வரலாம்.

எச்சரிக்கையால் எது முடியும், எது முடியாது

முதலில் ஒரு கசப்பான உண்மை. எச்சரிக்கைக் குறிப்பை முன்கூட்டியே படித்தவர்களுக்கு வேதனை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். இதைச் சோதித்த 12 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2023-இல் ‘கிளினிக்கல் சைக்காலஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வந்தது. எச்சரிக்கையைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும், பின்னால் அந்த உள்ளடக்கத்தை எதிர்கொண்டபோது ஏற்பட்ட மனவேதனையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. அதைப் பார்ப்பதற்கு முந்தைய நிமிடங்களின் பதற்றம்தான் கூடியிருந்தது. எச்சரிக்கை, ஆட்களை விலகிப்போகவும் செய்யவில்லை.

பிறகு எதற்கு இந்த வேலை? வாசகி எழுதியதை மறுபடி பாருங்கள். அவர் வலி குறைய வேண்டும் என்று கேட்கவில்லை. எப்போது, எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது வாசிப்பது என்று தானே தீர்மானிக்கும் வாய்ப்பைக் கேட்டார். எச்சரிக்கைக் குறிப்பால் தரக்கூடியது அதுதான். ஆகவே “இக்குறிப்பு உங்களைப் பாதுகாக்கும்” என்ற தொனியில் எழுதாதீர்கள். மருத்துவர் குரலும் வேண்டாம். மலைப்பாதையில் ‘கொண்டை ஊசி வளைவு’ என்று பலகை வைக்கிறார்கள் அல்லவா? வளைவு நேராகிவிடாது, ஓட்டுபவர் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறார். உங்கள் குறிப்பும் அந்தப் பலகையைப் போல இருக்கட்டும்.

இன்னொன்று: எச்சரிக்கையை விளம்பரமாக்கும் ஆசை. திகில் கலைக்கு இது பழைய பழக்கம். 1931-இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கத்தில், நடிகர் எட்வர்ட் வான் ஸ்லோன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்து, வரப்போகும் காட்சிகள் அதிர்ச்சி தரலாம் என்று பார்வையாளர்களை நட்போடு எச்சரிப்பார். 1958-இல் வில்லியம் காசில் என்ற தயாரிப்பாளர், தன் படத்தைப் பார்த்துப் பயத்தில் இறப்பவரின் குடும்பத்துக்கு 1,000 டாலர் காப்பீடு என்று அறிவித்தே கூட்டம் சேர்த்தார். கொட்டகையில் அது கொண்டாட்டம். ஆனால் “இதயம் பலவீனமானவர்கள் திறக்க வேண்டாம்” என்று உங்கள் நூலின் முதல் பக்கத்தில் போட்டால், உண்மையிலேயே தகவல் தேவைப்படும் ஒருவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. சவாலை அட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பை அமைதியான குரலில் எழுதுங்கள்.

முதல் படி: பிரதியை எழுத்தாளராக இல்லாமல் வாசியுங்கள்

நினைவிலிருந்து பட்டியல் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எழுதியவருக்குத் தன் கதையின் பெரிய காட்சிகள்தான் நினைவில் நிற்கும். வாசகரைக் குத்துவது பெரும்பாலும் இடையில் வரும் நான்கு வரிகள்.

‘1984’ வாசித்த யாரிடமும் அதில் என்ன கொடுமை இருக்கிறது என்று கேளுங்கள். அறை எண் 101, எலிக்கூண்டு, சித்திரவதை என்பார்கள். முதல் அத்தியாயத்திலேயே, அரசின் எதிரியைத் திரையில் பார்த்து எல்லோரும் கத்தும் ‘இரண்டு நிமிட வெறுப்பு’ நிகழ்ச்சியின்போது, நாயகன் வின்ஸ்டன் தனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கருங்கூந்தல் பெண்ணை அடித்துக் கொல்வதாகவும், வன்புணர்ந்து கழுத்தை அறுப்பதாகவும் மனதுக்குள் கற்பனை செய்கிறான் என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும். அதே அத்தியாயத்தில் அவன் நாட்குறிப்பில் ஒரு போர்ப்படத்தை விவரிக்கிறான்: அகதிகள் நிறைந்த கப்பல் மீது குண்டு விழுகிறது, ஒரு குழந்தையின் கை பிய்ந்து ஆகாயத்தில் பறக்கிறது, கொட்டகையில் கைதட்டல். பிறகு ஓரிடத்தில், குண்டு விழுந்த தெருவில் கிடக்கும் துண்டான மனிதக் கையை வின்ஸ்டன் காலால் சாக்கடைக்குள் தள்ளிவிட்டு நடக்கிறான். இவை எல்லாம் ஒரு சில வரிகள்தான். எவரும் நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் இவை வரவே வராது.

ஆகவே பென்சிலோடு உட்காருங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். என்ன நடக்கிறது, எந்த அத்தியாயம், யாருக்கு நடக்கிறது, எப்படி வருகிறது (கண்முன் நடக்கிறதா, யாராவது சொல்லக் கேட்கிறோமா, எண்ணத்தில் மட்டும் வருகிறதா), எத்தனை வரி அல்லது எத்தனை பக்கம் நீடிக்கிறது. ஐந்தாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வரியில் முடிந்துவிடும் வன்முறையும் முப்பது பக்கம் நீளும் வன்முறையும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டாலும் வாசகருக்கு ஒன்றல்ல.

பாத்திரங்களின் எண்ணங்கள், கனவுகள், அவர்கள் பார்க்கும் செய்திகள், பாடும் பாட்டுகள், வில்லனின் பேச்சு ஆகிய அனைத்தும் கணக்கில் வர வேண்டும். டிஸ்டோபியாவில் இது இன்னும் முக்கியம். வெறுப்பைப் பேசும் அரசு, தன் சுவரொட்டியில், வானொலியில், பள்ளிப் பாடத்தில் வெறுப்பைத் தூவியிருக்கும். ‘1984’-இல் அரசின் பரம எதிரியாகக் காட்டப்படும் கோல்ட்ஸ்டைனின் முகத்தை யூத முகமாக வரைந்திருக்கிறார்கள். அது கதைக்குள் வரும் அரசின் பிரச்சாரம். ஆர்வெலின் கருத்து அன்று. இருந்தாலும் வாசிப்பவர் அதை எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: வாசகர் எதிர்பார்த்து வந்தது எது, எதிர்பாராதது எது

கட்டம் நிரம்பியதும் நாற்பது ஐம்பது வரி இருக்கும். அத்தனையையும் முன்பக்கத்தில் கொட்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பேய்க்கதை வாங்கியவருக்கு இரத்தம் வரும் என்று தெரியும். டிஸ்டோபியா வாங்கியவருக்குக் கண்காணிப்பும் அடக்குமுறையும் வரும் என்று தெரியும். அட்டையும் பின்னட்டை வாசகமும் ஏற்கெனவே சொல்லிவிட்டதை ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளலாம். வகைமை சொல்லாத விஷயங்களே குறிப்பின் உயிர். என் அனுபவத்தில் திகில் வாசகர்களே “இதை முன்னால் சொல்லியிருக்கலாம்” என்று சொன்னவை இவை: குழந்தையின் மரணம், கருச்சிதைவு, பிரசவத்தில் நடக்கும் கொடுமை, வளர்ப்புப் பிராணியின் சாவு, பாலியல் வன்கொடுமை, தற்கொலை, முதியோர் கைவிடப்படுதல், கண்ணிலும் நகத்திலும் பல்லிலும் நடக்கும் காயங்கள். கடைசியாகச் சொன்னது வியப்பாக இருக்கலாம். தலையே துண்டாகும் காட்சியைச் சாதாரணமாகத் தாண்டிப்போகிறவர் நகம் பிடுங்கும் வரியில் புத்தகத்தை மூடியிருக்கிறார். ‘1984’-இல் வதைக்கும் அதிகாரியான ஓப்ரையன், வின்ஸ்டனின் ஆடிக்கொண்டிருக்கும் பல்லைக் கையால் பிடுங்கி எறியும் இடம் அப்படிப்பட்டது.

அறிவியல் புனைகதைக்கென்று தனியாகச் சில உண்டு. நினைவை அழித்தல், ஒருவர் உடலுக்குள் இன்னொன்று புகுந்து வளர்தல், சம்மதம் இல்லாத மருத்துவப் பரிசோதனை, உறுப்பு எடுத்தல், கட்டாயக் கருத்தடை, கட்டாயப் பேறு. எழுதும்போது இவை கருத்தாக்கங்களாகத் தெரியும். கருத்தடை முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அது கருத்தாக்கம் இல்லை. இந்தியாவில் 1975 முதல் 1977 வரை இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்தது அது.

தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. டிஸ்டோபியா என்பது “இப்படி நடந்தால் என்ன ஆகும்” என்று கேட்கும் இலக்கியம். நம் வாசகர்களில் கணிசமானவர்களுக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது. சோதனைச் சாவடி, முள்வேலி முகாம், வெள்ளை வேனில் ஏற்றிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர், பதுங்குகுழி, ஷெல் சத்தம்: இலங்கைப் போரை வாழ்ந்தவர்களுக்கு இவை எதிர்கால நகரத்தின் அலங்காரம் இல்லை. கடல் ஊரை விழுங்கும் காட்சி எழுதினால், 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்திலோ மட்டக்களப்பிலோ இருந்தவர் அதை வாசிக்கக்கூடும். மூச்சுக்காற்று தீர்ந்துபோகும் கொள்ளைநோய்க் கதையை, 2021-இல் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸில் காத்திருந்து தாயை இழந்தவர் வாசிக்கக்கூடும். மனிதரைப் பிறப்பால் அடுக்கும் கோள் ஒன்றைக் கற்பனை செய்து, கீழடுக்கினரைக் கழிவுக் குழாய்களுக்குள் இறக்கினால், அதற்குச் சாதி என்று நாவல் பெயர் வைக்காவிட்டாலும் வாசகர் அறிவார். இவற்றை எழுதக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், எழுதத்தான் வேண்டும். குறிப்பில் மட்டும் கற்பனைப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். “சோரன்களின் சுத்திகரிப்பு” என்று நாவலின் சொல்லை எழுதினால் யாருக்குப் புரியும்? “பிறப்பின் அடிப்படையில் நடக்கும் படுகொலை, சாதி வன்கொடுமையை நினைவூட்டக்கூடியது” என்று எழுதுங்கள்.

மூன்றாம் படி: சொல் தேர்வு

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். குறிப்பில் இருப்பதே முப்பது நாற்பது சொற்கள். அவற்றில் ஒன்று தவறினாலும், பாதிக்கப்பட்டவரை முதல் பக்கத்திலேயே காயப்படுத்திவிடுவோம்.

‘கற்பழிப்பு’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல், குற்றத்தைச் செய்தவனைவிட்டுவிட்டு, பெண்ணிடமிருந்து எதுவோ அழிந்துபோனதாகச் சொல்கிறது. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் நடக்கும் கொடுமையை அது சுட்டவும் சுட்டாது. ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ என்ற சொற்கள் இன்று பரவலாகிவிட்டன. இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. முன்னது எல்லா வகைப் பாலியல் தாக்குதலையும் உள்ளடக்கும், பின்னது ஒன்றை மட்டும் குறிக்கும். எது கதையில் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

‘கருச்சிதைவு’ தானாக நேர்வது, ‘கருக்கலைப்பு’ செய்யப்படுவது. பல கைப்பிரதிகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை இழந்த ஒருவர் அந்தக் குறிப்பைப் படிக்கும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. கட்டாயப்படுத்திச் செய்வதாக இருந்தால் ‘கட்டாயக் கருக்கலைப்பு’ என்று முழுதாக எழுதுங்கள்.

‘பட்டினி’ என்பது உணவு கிடைக்காத நிலை. தானே உணவை மறுத்து உடலை வருத்திக்கொள்வது வேறு. அதற்கு ‘உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல்’ என்று எழுதலாம். ‘பைத்தியம்’, ‘மனம் பிசகியவன்’ போன்ற சொற்கள் பாத்திரத்தின் வாயில் வரலாம், குறிப்பில் வரக் கூடாது. ‘ஊனம்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறன்’ என்ற வழக்கு அரசு ஆவணம் வரை நிலைத்துவிட்டது. “மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை” என்று எழுதினால், வன்முறை யார் மீது நடக்கிறது என்பதும் தெளிவாகிறது.

தற்கொலை இருந்தால், இருக்கிறது என்று சொல்லுங்கள். எந்த முறையில் என்று குறிப்பில் எழுதாதீர்கள். தற்கொலையைச் சித்திரிக்கும் ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கும் வழிகாட்டு ஏடுகள் எல்லாம் முறையை விவரிப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அந்த அறிவுரை குறிப்புக்கு இரு மடங்கு பொருந்தும்.

‘சில அதிர்ச்சியூட்டும் காட்சிகள்’, ‘முதிர்ந்த உள்ளடக்கம்’, ‘மனதைப் பாதிக்கும் கருப்பொருள்கள்’ ஆகிய மூன்று தொடர்களையும் அடித்துவிடுங்கள். படித்தவருக்கு இவற்றிலிருந்து எதுவும் தெரியவராது.

நான்காம் படி: அளவைச் சொல்லுங்கள்

ரசிகர்கள் எழுதும் புனைகதைகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற இணையக் களஞ்சியம், 2019-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. அங்கே எழுதுபவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கைகள் நான்குதான்: விரிவான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயது வராதோர் தொடர்பான பாலியல் காட்சி. மற்றவை எழுதுபவர் விருப்பம். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஐந்தாவது வாய்ப்பு: “எச்சரிக்கை தர வேண்டாம் என்று எழுத்தாளர் முடிவுசெய்திருக்கிறார்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அது நேர்மையான வழி. ஒரு திருப்பத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால், பொய்யான பாதிப் பட்டியலைவிட இது மேல்.

வாசகர்களே நூல்களுக்கு எச்சரிக்கை சேர்க்கும் ‘ஸ்டோரிகிராஃப்’ செயலி மூன்று அளவுகளைக் கையாள்கிறது. நானும் மூன்றைத்தான் பயன்படுத்துகிறேன், தமிழில் இப்படி: விரிவாக (கண்முன், நீளமாக), சுருக்கமாக (கண்முன், சில வரிகள்), சுட்டலாக (நடந்ததாகக் குறிப்பிடப்படுகிறது, காட்டப்படவில்லை). மூன்றுக்கு மேல் போனால் எழுதுபவருக்கே குழம்பும். ‘1984’-இல் சித்திரவதை விரிவாக; துண்டான கை சுருக்கமாக; பொதுவெளித் தூக்கு சுட்டலாக, ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதைத்தான் காண்கிறோம்.

வயது வரம்பை இதனோடு கலந்துவிட வேண்டாம். 2021-இல் இந்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையவழித் திரைத் தளங்கள் 7, 13, 16 என்ற வயதுப் படிகளோடும் வயதுவந்தோருக்கான ‘ஏ’ பிரிவோடும் உள்ளடக்க விவரத்தையும் காட்டியாக வேண்டும். நூல்களுக்கு அப்படித் தணிக்கை வாரியமோ சான்றிதழோ கிடையாது. “18 வயதுக்கு மேற்பட்டோருக்கு” என்று நீங்களாக எழுதலாம். ஆனால் கடிதம் எழுதிய நாற்பது வயதுத் தாய்க்கும் அந்தப் பதுங்குகுழிக் காட்சி பற்றிய தகவல் தேவைப்பட்டது.

ஐந்தாம் படி: கதையைக் காட்டிக்கொடுக்காமல் எழுதுங்கள்

எழுத்தாளர்கள் எச்சரிக்கையை மறுக்கும்போது சொல்லும் முதல் காரணம் இதுதான், அதில் நியாயம் இருக்கிறது. திகில் என்பது தெரியாததால் வருவது. தீர்வும் எளிது: இரண்டு அடுக்கு.

முன்பக்கத்தில் சுருக்கமான குறிப்பு; அதில் யார், எப்போது, ஏன் என்பது கிடையாது. கடைசிப் பக்கத்தில் விரிவான குறிப்பு. அதில் அத்தியாய எண்ணோடு எல்லாம் இருக்கும். அங்கே கதை தெரிந்துவிடும் என்பதை முன்பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வேண்டியவர் புரட்டுவார், வேண்டாதவர் அத்தியாயம் ஒன்றுக்குப் போய்விடுவார்.

‘1984’-க்கு நான் எழுதினால் முன்பக்கக் குறிப்பு இப்படி இருக்கும்:

“இந்நாவலில் அரசு நடத்தும் சித்திரவதை விரிவாக இடம்பெறுகிறது. போர்க்கால வன்முறை, குழந்தையின் மரணம், பாலியல் வன்கொடுமை பற்றிய கற்பனை, பட்டினி, யூத வெறுப்புப் பிரச்சாரம், எலிகள் ஆகியவையும் வருகின்றன. எங்கே, எவ்வளவு என்பதை அறிய விரும்புவோர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கலாம். அங்கே கதைப்போக்கும் தெரியவரும்.”

‘எலிகள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கதையின் உச்சத்தையே அது காட்டிக்கொடுத்துவிடாதா? கொடுக்காது. எலி இரண்டாம் பாகத்திலேயே, காதலர்கள் தங்கும் அறையின் சுவர் ஓட்டையில் தலைகாட்டிவிடுகிறது. வின்ஸ்டனின் அச்சமும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. பட்டியலின் ஓரத்தில் ஒரு சொல்லாக இருக்கும்வரை, அது எங்கே எப்படித் திரும்பி வரும் என்பதை யாராலும் ஊகிக்க முடியாது. “நாயகனின் தீராத அச்சம் அவனுக்கு எதிராகவே பயன்படுத்தப்படுகிறது” என்று எழுதியிருந்தால்தான் ஆர்வெலின் உழைப்பை நாம் பாழாக்கியிருப்போம். பொருளைச் சொல்லலாம், அதன் வேலையைச் சொல்லக் கூடாது. எல்லாத் திருப்பங்களுக்கும் இந்த அளவுகோல் உதவும்.

கடைசிப் பக்கக் குறிப்பு:

“முதல் பாகம், அத்தியாயம் 1: அகதிக் கப்பல் தாக்கப்படும் திரைப்படக் காட்சி, குழந்தையின் மரணம் (சுருக்கமாக). ஒரு பெண்ணை வன்புணர்ந்து கொல்வது பற்றிய நாயகனின் கற்பனை (சுருக்கமாக). யூத வெறுப்புப் பிரச்சாரம்.
அத்தியாயம் 8: குண்டுவீச்சு, துண்டான கை (சுருக்கமாக).
இரண்டாம் பாகம், அத்தியாயம் 4: எலி (சுருக்கமாக).
அத்தியாயம் 7: பசியில் வாடும் குழந்தை, தாய் காணாமல் போதல் (சுருக்கமாக).
மூன்றாம் பாகம், அத்தியாயம் 1 முதல் 3 வரை: சிறை, பட்டினி, அடி, மின்கருவியால் வதைத்தல், பல் பிடுங்குதல் (விரிவாக).
அத்தியாயம் 5: எலிகளைக் கொண்டு அச்சுறுத்தல் (விரிவாக).”

முழுமை கருதி இன்னும் இரண்டு மூன்று வரிகள் சேர்க்கலாம். இதற்கு மேல் நீண்டால் அது கதைச்சுருக்கமாகிவிடும்.

ஆறாம் படி: எங்கே வைப்பது

அச்சு நூலில், பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நல்ல இடம். சமர்ப்பணத்துக்குக் கீழே வைக்காதீர்கள்; அது வேறொரு மனநிலையின் பக்கம். கடையில் புரட்டுபவருக்கும் கண்ணில் பட வேண்டும் என்றால் பின்னட்டையில் ஒரு வரி போதும்.

மின்னூலில், முன்குறிப்பிலிருந்து கடைசிக் குறிப்புக்கு இணைப்பு கொடுத்து, அங்கிருந்து திரும்பவும் ஓர் இணைப்பு வையுங்கள். பல வாசிப்புக் கருவிகள் நூலைத் திறந்ததும் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடும். அதனால் விற்பனைப் பக்கத்தின் நூல் அறிமுகத்திலும் முன்குறிப்பை ஒட்டிவிடுங்கள்.

தொடர்கதையில் நிலைமை வேறு. வாசகர் பன்னிரண்டாம் வாரத்தில் வந்து சேர்ந்திருப்பார், முதல் வாரக் குறிப்பு அவருக்குத் தெரியாது. கடுமையான காட்சி வரும் அத்தியாயத்தின் தலையில் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் எழுதினால் கண் பழகிப்போய் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒலிநூலில் குறிப்பு சொல்பவரின் குரல் மிக முக்கியம். நாவலின் திகில் குரலிலேயே வாசித்துவிட்டால் அதுவும் கதையின் பகுதியாகக் கேட்கும். வேறொருவர் வாசிக்கட்டும்.

ஏழாம் படி: வாழ்ந்தவரிடம் காட்டுங்கள்

நாவலையே அனுப்பி “இது உங்களைப் புண்படுத்துகிறதா” என்று கேட்காதீர்கள். குறிப்பை மட்டும் அனுப்புங்கள். கேள்வி இதுதான்: “இதை மட்டும் படித்துவிட்டு, நாவலை எப்போது, எப்படி வாசிப்பது என்று உங்களால் முடிவு செய்ய முடிகிறதா?” முடியவில்லை என்றால் எந்தச் சொல் தெளிவாக இல்லை என்று அவர்களே சொல்வார்கள். தங்கள் வாழ்வை விளக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரக் கூடாது. பிழைதிருத்துபவருக்குக் கொடுப்பதுபோல இதற்கும் ஊதியம் கொடுங்கள். இலவசமாக வாங்கிக்கொள்ளும் வேலை இல்லை இது.

கடிதம் எழுதிய அந்த வாசகியிடம் இரண்டாம் பதிப்பின் குறிப்பை அனுப்பிக் கேட்டேன். நான் “போர்ச்சூழலில் குழந்தையின் மரணம்” என்று எழுதியிருந்தேன். ‘பதுங்குகுழி’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். அவருக்கு மரணத்தைவிட அந்த இடமே முதலில் நெஞ்சை அடைத்ததாம். எனக்கு ஒருபோதும் தோன்றியிருக்காது.

உதவி எண்கள்

தற்கொலையோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதோ நாவலில் விரிவாக இருந்தால், கடைசிப் பக்கக் குறிப்பின் கீழே உதவி எண் கொடுப்பது நல்லது. இந்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையின் எண் 14416. இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926. புலம்பெயர்ந்த நாடுகளில் விற்கும் நூல் என்றால் அந்தந்த நாட்டின் எண்ணையும் தேடிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் முன் எண்ணை நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். வேலை செய்யாத எண்ணை அச்சிடுவதைவிட எண் இல்லாமல் இருப்பது மேல்.

வெளிவந்த பிறகு

கவனமாகச் செய்தாலும் ஏதாவது விட்டுப்போகும். யாராவது எழுதிச் சொன்னால் வாதாடாதீர்கள். “அது இரண்டே வரிதானே” என்று பதில் எழுதும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மின்னூலை அன்றே திருத்திவிடலாம். அச்சு நூலுக்கு அடுத்த பதிப்பு வரும்வரை விற்பனைப் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். நான் செம்மையாக்கும் ஒவ்வொரு நூலின் கோப்பிலும் இப்போது அந்த ஐந்து கட்டத் தாள் முதல் தாளாக இருக்கிறது. நூல் அச்சுக்குப் போன பிறகும் அதை எடுத்துவிடுவதில்லை. பதுங்குகுழி நாவலின் தாளில் மட்டும் மூன்று வேறு கையெழுத்துகளில் சேர்க்கைகள் உண்டு. மூன்றாம் பதிப்புக்கு இன்னொரு வரி காத்திருக்கிறது: அத்தியாயம் 9, கட்டிவைக்கப்பட்ட நாய், சுருக்கமாக.